கெட்டிமேளம் கேட்கிறது, தாத்தா பேசுவது கேட்கவில்லை

(நம் சங்கத்தின் மூத்த குடிமக்கள் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



போன கூட்டத்தில் டாக்டர் ஒருவர் சர்க்கரை நோய் பற்றிப் பேசினார். அதற்கு முந்தைய கூட்டத்தில் உயில் எழுதுவது பற்றி வக்கீல் பேசினார். இருவரும் அந்தந்தத் துறையில் படித்தவர்கள். நான் பி.காம். முடித்து, வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். எலக்ட்ரானிக்ஸ் படித்ததில்லை. ஓய்வுக்குப் பிறகு எங்கள் வீட்டுக் கல்யாண டி.வி.டி.களைக் கம்ப்யூட்டரில் ஏற்ற ஆரம்பித்தேன். அதைப் பார்த்துச் சொந்தக்காரர்கள் கொடுத்தார்கள், பிறகு நம் குடியிருப்பில் சிலர் கொடுத்தார்கள். கொடுத்தவர்களில் பாதிப் பேர் சொன்ன குறை ஒன்றுதான்: "படம் நன்றாக வருகிறது சார், சத்தம்தான் ரொம்பக் கம்மி." அதைப் பற்றியே பேசச் சொல்லிவிட்டார் செயலாளர்.

நான் சொல்ல வந்ததைச் சுருக்கமாக முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சத்தம் குறைவாக இருப்பது காய்ச்சல் மாதிரி. காய்ச்சலுக்குப் பல காரணம் உண்டு, இதற்கும் அப்படித்தான். காரணத்தைப் பார்க்காமல் வால்யூமை ஏற்றினால் சில சமயம் சரியாகும், சில சமயம் இருக்கிற குரலும் கெடும்.

ஏன் இப்போதே செய்ய வேண்டும்

டி.வி.டி. 1996-இல் ஜப்பானில் வந்தது. நம் வீடுகளில் கல்யாணம், வளைகாப்பு, அறுபதாம் கல்யாணம் எல்லாம் கேசட்டிலிருந்து வி.சி.டி.க்கும், அதிலிருந்து டி.வி.டி.க்கும் மாறின. இப்போது வரும் லேப்டாப் பலவற்றில் டிஸ்க் போடும் இடமே இல்லை. வெளியே செருகும் யு.எஸ்.பி. டி.வி.டி. டிரைவ் தனியாக வாங்க வேண்டும்.

இன்னொரு சங்கதி. சினிமா டிஸ்க் தொழிற்சாலையில் அச்சில் அழுத்தியது. வீடியோகிராபர் நமக்குக் கொடுத்தது அவர் கம்ப்யூட்டரில் எழுதிய டிஸ்க். அதில் பதிவு ஒரு சாயப் பூச்சில் இருக்கிறது. வெயில், சூடு, ஈரம் பட்டால் அந்தச் சாயம் கெடும். நம் ஊர் வெயிலில், பீரோ மேல் தட்டில், பதினைந்து இருபது வருடம் கிடந்தவை அவை. சில டிஸ்க்குகள் இப்போதே பாதியில் நின்றுவிடுகின்றன.

அவற்றில் பேசும் பலர் இன்று நம்மோடு இல்லை. போட்டோவில் முகம் இருக்கும். குரல் இந்த டிஸ்க்கில் மட்டும்தான் இருக்கும். அதனால்தான் சத்தத்தைப் பற்றி இவ்வளவு பேசுகிறேன்.

முதல் வேலை: அசல் அப்படியே இருக்கட்டும்

டிஸ்க்கை மெல்லிய பருத்தித் துணியால், நடுவிலிருந்து வெளிவிளிம்பு நோக்கி நேராகத் துடையுங்கள். வட்டமாகத் துடைக்க வேண்டாம். டிரைவில் போட்டதும் 'வீடியோ டி.எஸ்.' என்று ஒரு ஃபோல்டர் தெரியும். அந்த ஃபோல்டரை முழுசாகக் கம்ப்யூட்டருக்குக் காப்பி செய்யுங்கள். ஒரு சாதாரண டிஸ்க்கின் கொள்ளளவு 4.7 ஜிகாபைட்தான். இந்தக் காப்பியை ஒருபோதும் திருத்தாதீர்கள். வங்கியில் லெட்ஜரில் எத்தனை திருத்தம் போட்டாலும் வவுச்சரைக் கிழிக்க மாட்டோம். இதுவும் வவுச்சர்தான்.

நம் குடியிருப்பில் ஒரு அம்மா, மகள் கல்யாண டிஸ்க்கை ஒரு கடையில் கொடுத்து பென் டிரைவில் மாற்றி வாங்கினார். சத்தம் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தது. திரும்பக் கேட்டபோது, "பழைய டிஸ்க்கைத் தூக்கிப் போட்டுவிட்டோம்" என்று பதில் வந்தது. கடையில் கொடுப்பதில் தவறில்லை. ஆனால் டிஸ்க்கைத் திரும்ப வாங்குங்கள், கேட்டுப் பார்த்துத் திருப்தியாகும் வரை கையில் வைத்திருங்கள்.

சினிமா டிஸ்க்குகளில் பெரும்பாலும் காப்பி எடுக்க முடியாதபடி பூட்டு போட்டிருக்கும். பூட்டை உடைப்பது பற்றிப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் தனிப் பிரிவே சேர்த்திருக்கிறார்கள். நான் பேசுவது நம் வீட்டு விசேஷ டிஸ்க்குகளைப் பற்றித்தான்.

ஏற்றினால் ஏன் கெடுகிறது

இதற்கு ஒரு சின்னக் கணக்கு தெரிந்தால் போதும். டி.வி.டி.யில் ஒலி என்பது எண்களின் வரிசை, ஒரு நொடிக்கு 48,000 எண்கள். 16 பிட் கணக்கில் எழுதக்கூடிய மிகப் பெரிய எண் 32,767. அதற்கு மேல் இடமில்லை.

ஒரு இடத்தில் 20,000 என்று இருக்கிறது, சத்தத்தை இரண்டு மடங்காக்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 40,000 வர வேண்டும். எழுத இடமில்லாததால் 32,767 என்றே எழுதிவிடும். மீதி போயே போச்சு. பிறகு பாதியாகக் குறைத்தாலும் 20,000 திரும்ப வராது, 16,383தான் வரும். காதுக்கு இது கரகரப்பாகக் கேட்கும். இதற்கு கிளிப்பிங் என்று பெயர்.

சத்தத்தை டெசிபலில் சொல்வார்கள். கம்ப்யூட்டரில் பூஜ்யம்தான் கூரை, மற்றதெல்லாம் மைனஸ். 6 டெசிபல் கூட்டினால் அந்த எண்கள் இரட்டிப்பாகும். நம் காதுக்கு இரண்டு மடங்கு சத்தம் என்று தோன்ற ஏறக்குறைய 10 டெசிபல் கூட்ட வேண்டும். 1 டெசிபல் வித்தியாசம் பெரும்பாலும் தெரியவே தெரியாது. இந்த மூன்றையும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

டிஸ்க்கிலா, மாற்றியதிலா, காதிலா?

முதலில், அதே கம்ப்யூட்டரில், அதே ஸ்பீக்கரில், வால்யூமைத் தொடாமல் டிஸ்க்கை ஒரு தடவையும் மாற்றிய ஃபைலை ஒரு தடவையும் போடுங்கள். வி.எல்.சி. என்ற இலவச பிளேயர் இரண்டையும் போடும். டிஸ்க்கில் நன்றாகக் கேட்டு ஃபைலில் மட்டும் குறைந்தால், மாற்றும்போது குறைந்திருக்கிறது. இரண்டிலும் குறைவாக இருந்தால், பதிவே அப்படி. இரண்டுமே குறைவு, யூடியூபும் குறைவு என்றால் கம்ப்யூட்டரின் வால்யூம் மிக்ஸரைத் திறந்து பாருங்கள். ஒவ்வொரு புரோகிராமுக்கும் தனி வால்யூம் அங்கே இருக்கிறது.

இரண்டாவது, பேரனையோ பேத்தியையோ கூப்பிட்டுக் கேட்கச் சொல்லுங்கள். வயது ஏறும்போது முதலில் குறைவது கீச்சென்ற உயர் ஒலிகளைக் கேட்கும் திறன். 'ச', 'ஸ', 'ஃப' போன்ற எழுத்துகள் அங்கேதான் இருக்கின்றன. அதனால் 'யாரோ பேசுகிறார் என்று தெரிகிறது, என்ன பேசுகிறார் என்று புரியவில்லை' என்ற நிலை வரும். குழந்தைக்குப் புரிந்து நமக்குப் புரியவில்லை என்றால் ஃபைலைத் திருத்த வேண்டாம். வி.எல்.சி.யின் ஈக்வலைஸரில் 3 கிலோஹெர்ட்ஸ் பக்கத்துப் பட்டையைக் கொஞ்சம் ஏற்றிக் கேளுங்கள். காதுப் பரிசோதனையும் ஒரு தடவை செய்துகொள்ளுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மூன்றாவது, ஹெட்போன் மாட்டிக் கேளுங்கள். இரண்டு காதிலும் வருகிறதா?

நான்காவது, ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் ஒலியைத் திறந்து அலையின் படத்தைப் பாருங்கள். வீடியோ ஃபைலின் ஒலியைத் திறக்க எஃப்.எஃப்.எம்பெக் என்ற துணை மென்பொருளையும் நிறுவ வேண்டும். அந்தப் படத்தைப் பார்த்தாலே பாதி விடை தெரிந்துவிடும்.

நான்கு வகை, நான்கு மருந்து

முதல் வகை: அலை முழுக்க ஒரே மாதிரி மெலிதாக இருக்கும், நடுக்கோட்டை ஒட்டிப் போகும். பதிவு செய்தவர் மைக் அளவைக் குறைத்து வைத்திருக்கிறார். இதுதான் சுலபம். ஆடாசிட்டியில் ஆம்ப்ளிஃபை என்பதைத் திறந்தால், கூரையைத் தொடாமல் எத்தனை டெசிபல் கூட்டலாம் என்று அதுவே ஒரு எண் காட்டும். 11 என்று காட்டினால் 10 என்று குறித்துக்கொள்ளுங்கள், ஒன்றைக் கைவசம் விடுங்கள்.

பிறகு ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் நாம் காப்பி செய்த ஃபோல்டரைத் திறந்து, ஆடியோ பக்கத்தில் 'கெயின்' என்ற இடத்தில் அந்த 10-ஐப் போடுங்கள். ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதே பக்கத்தில் கோடெக் என்ற இடத்தில் 'பாஸ்த்ரூ' என்று இருந்தால், ஒலியைத் தொடாமல் அப்படியே நகல் எடுக்கும். கெயினில் எந்த எண் போட்டாலும் பலன் இருக்காது. ஏ.ஏ.சி. என்று மாற்றுங்கள்.

இரண்டாம் வகை: ஒரு காதில் மட்டும் சத்தம். ஒரே மைக்கைக் கேமராவின் ஒரு பக்கத்தில் மட்டும் செருகியிருப்பார்கள். இடது பக்கம் குரல், வலது பக்கம் வெறுமை. இதை மோனோவாக மாற்றும்போது, இரண்டையும் கூட்டி இரண்டால் வகுக்கும் கணக்கு நடக்கும். குரலோடு பூஜ்யத்தைக் கூட்டி இரண்டால் வகுத்தால் பாதிதானே வரும்? 6 டெசிபல் போய்விடும். இதற்கு கெயின் வேண்டாம். ஹேண்ட்பிரேக்கில் மிக்ஸ்டவுன் என்ற இடத்தில் 'மோனோ - லெஃப்ட் ஒன்லி' என்று தேர்ந்தெடுத்தால் இடது பக்கத்தை மட்டும் முழு அளவில் எடுத்துக்கொள்ளும். குரல் வலப்பக்கம் இருந்தால் 'ரைட் ஒன்லி'.

மூன்றாம் வகை: ஆறு சேனல் ஒலி. சினிமா டிஸ்க்குகளில் வழக்கம். பெரிய ஸ்டூடியோவில் தயாரித்த நடன அரங்கேற்றம், கச்சேரி டிஸ்க்குகளிலும் இருக்கலாம். 5.1 என்று எழுதியிருக்கும். இதில் பேச்சு பெரும்பாலும் நடு சேனலில் இருக்கும். நம் லேப்டாப்பில் இரண்டே ஸ்பீக்கர். ஆறை இரண்டாக்கும்போது வழக்கமான கணக்கு இது: இடது சேனல் 1 பங்கு, நடு 0.7 பங்கு, பின்பக்கம் 0.7 பங்கு. கூட்டினால் 2.4. கூரையைத் தாண்டிவிடக்கூடாது என்று மொத்தத்தையும் 2.4-ஆல் வகுத்துவிடுவார்கள். அதனால் எல்லாமே ஏறக்குறைய 8 டெசிபல் இறங்கிவிடுகிறது. டிஸ்க் பிளேயரில் நன்றாக இருந்தது ஃபைலில் மட்டும் குறைவு என்றால் இதுவாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

மருந்து: கெயினில் 4 அல்லது 6 கொடுங்கள். கூடவே டி.ஆர்.சி. என்று ஒரு இடம் இருக்கும். மெல்லிய ஒலியை உயர்த்திப் பெரிய ஒலியை அடக்குவது அதன் வேலை. 1.5 முதல் 2.5 வரை வைத்தால் போதும். 4 வரை போகும், ஆனால் இரைச்சலாகிவிடும். இந்த டி.ஆர்.சி. வேலை செய்வது ஏசி-3 எனப்படும் டால்பி ஒலிக்கு மட்டும்தான். அதிலும் பதிவு செய்தவர் அந்தக் குறிப்பைச் சேர்த்திருக்க வேண்டும். வி.சி.டி.யில் இருப்பது எம்பெக் ஒலி. அதற்கு இது பயன்படாது.

நான்காம் வகைதான் நம் கல்யாண வீட்டு வகை. அலை முழுக்க மெலிதாக இருக்கும், நடுவில் ஒரே ஒரு இடத்தில் கூரையைத் தொட்டு நிற்கும். என்ன அது? கெட்டிமேளம். நாதஸ்வரமும் தவிலும் சேர்ந்து உச்சத்தில் ஒலிக்கும் நேரம். அதனால் ஆம்ப்ளிஃபை திறந்தால் 'இதற்கு மேல் ஏற்ற இடமில்லை, பூஜ்யம்' என்று காட்டும். நார்மலைஸ் போட்டாலும் எதுவும் நடக்காது. அது உச்சத்தை மட்டும்தான் பார்க்கிறது, தாத்தா ஆசீர்வாதம் செய்யும் குரல் அதன் கணக்கில் வராது. நூறு பேரில் ஒருவருக்கு மட்டும் பெரிய சம்பளம் இருந்தால், அதிகபட்சச் சம்பளத்தைப் பார்த்து ஊரே பணக்கார ஊர் என்று சொல்வது போலத்தான் இது.

இதற்கு ஷாட்கட் என்ற இலவச எடிட்டிங் மென்பொருளை நான் பயன்படுத்துகிறேன். இரண்டு வழி இருக்கிறது.

சுலபமான வழி: கெட்டிமேளத்துக்கு முன்னால் ஒரு வெட்டு, பின்னால் ஒரு வெட்டு. மேளத்தை அப்படியே விட்டுவிட்டு மற்ற துண்டுகளுக்கு மட்டும் கெயின் கூட்டுங்கள். படம் நகராது, ஒலி மட்டும் மாறும்.

மேளம் அடிக்கடி வந்தால் இரண்டாவது வழி: கம்ப்ரெஸர். த்ரெஷ்ஹோல்ட் மைனஸ் 20, ரேஷியோ 3 என்று வையுங்கள். மைனஸ் 20-க்கு மேல் வரும் ஒவ்வொரு 3 டெசிபலும் 1 டெசிபலாகச் சுருங்கும் என்று அர்த்தம். கூரையைத் தொட்ட மேளம் மைனஸ் 20-க்கு 20 டெசிபல் மேலே இருக்கிறது. அந்த 20 இப்போது 6.7 ஆகும். அதாவது மேளம் மைனஸ் 13.3-க்கு இறங்கும். மேலே 13 டெசிபல் இடம் காலியாகிவிட்டது. இப்போது எல்லாவற்றையும் 12 ஏற்றலாம். மைனஸ் 30-இல் கிடந்த தாத்தா குரல் மைனஸ் 18-க்கு வரும். காதுக்கு இரண்டு மடங்குக்கும் மேல். மேளம் மைனஸ் 1.3-இல் நிற்கும், கிளிப்பிங் இல்லை. தவிலின் முதல் அடி மட்டும் சில சமயம் தப்பித்து மேலே குதிக்கும். அதற்குக் கடைசியாக ஒரு லிமிட்டர் சேர்த்துவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. 12 டெசிபல் ஏற்றும்போது மின்விசிறிச் சத்தமும், மண்டபத்து ஜெனரேட்டர் உறுமலும் சேர்ந்தே 12 ஏறும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் அந்த ரீங்காரம் 50-இலும் 100-இலும் இருக்கும். ஏற்றுவதற்கு முன்னால் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை ஹை பாஸ் ஃபில்டர் கொண்டு வடிகட்டிவிடுங்கள். உறுமல் கணிசமாகக் குறையும், பேச்சுக்கு நஷ்டம் இல்லை.

இதெல்லாம் சிரமம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு வழி. ஃபைலைத் திருத்தாமலே, வி.எல்.சி.யில் 'எஃபெக்ட்ஸ் அண்ட் ஃபில்டர்ஸ்' திறந்தால் அங்கேயே ஒரு கம்ப்ரெஸர் இருக்கிறது. கேட்கும் நேரத்தில் மட்டும் அதைப் போட்டுக்கொள்ளலாம். பிடிக்காவிட்டால் எடுத்துவிடலாம். அசலுக்கு ஒன்றும் ஆகாது.

முழு டிஸ்க்கையும் மாற்றும் முன்

இரண்டு சின்னத் துண்டுகளை மட்டும் முதலில் மாற்றிப் பாருங்கள். ஒன்று அதிகச் சத்தம் உள்ள ஒரு நிமிடம், இன்னொன்று மிக மெலிதாகப் பேசும் ஒரு நிமிடம். ஒன்றை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். லேப்டாப்பில் ஒரு தடவை, டி.வி.யில் ஒரு தடவை, போனில் ஒரு தடவை கேளுங்கள். மூன்றிலும் சரியாக இருந்தால் முழுசையும் ஓடவிட்டுவிட்டுத் தூங்கப் போகலாம்.

சத்தம் சரியானதும் வேலை முடிந்துவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். யார் எந்த நிமிடத்தில் பேசுகிறார்கள் என்று ஒரு தாளில் எழுதி, அதை போட்டோ எடுத்து அதே ஃபோல்டரில் போடுங்கள். "14-ஆவது நிமிடம், பெரியப்பா. 52-ஆவது நிமிடம், பாட்டி ஊஞ்சல் பாட்டு." அந்தக் குரல் யாருடையது என்று நமக்குத் தெரியும். நம் பேரப்பிள்ளைகளுக்குத் தெரியாது. நாம் எழுதி வைக்காவிட்டால் சத்தமாகக் கேட்டும் பிரயோஜனமில்லை.

வரும் மாதம் முதல், இரண்டாம் சனிக்கிழமை மாலை 4 முதல் 6 வரை சங்க அலுவலக அறையில் என் லேப்டாப்பும் டிரைவும் இருக்கும். கட்டணம் இல்லை. ஒருவருக்கு ஒரு டிஸ்க். பென் டிரைவில் மாற்றியதைக் கொண்டு வருபவர்கள் தயவுசெய்து பழைய டிஸ்க்கையும் கொண்டு வாருங்கள். எங்கே குறைந்தது என்று ஒப்பிட்டுப் பார்க்க இரண்டும் வேண்டும். பீரோவைத் திறந்தால் நிறைய டிஸ்க் இருக்கும், எதை முதலில் எடுப்பது என்று கேட்பீர்கள். இப்போது இல்லாதவர்களின் குரல் எதில் இருக்கிறதோ, அதை முதலில் எடுத்து வாருங்கள்.

பின்வரிசையில் இருப்பவர்களுக்கு நான் பேசியது கேட்டிருக்கும் என்று நம்புகிறேன். கேட்காதிருந்தால், மைக்கைச் சரிபார்த்தவர் செயலாளர்தான்.